இரண்டாம் முறை கேட்ட கேள்வி

தேயிலைத் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் காரில் வீரய்யா தன் மனைவியை ஏற்றியது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஏற்றியிருக்கக் கூடாது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் யாரும் காரில் உட்காரக் கூடாது என்று தொர அவனை டிரைவர் வேலைக்கு எடுத்த அன்றே சொல்லியிருந்தார். அவனுக்கு முன்னால் கார் ஓட்டிய சின்னத்தம்பி, மழைக்கு ஒதுங்கி நின்ற மைத்துனனை ஏற்றிக்கொண்டு வந்ததற்காக, வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டே போனான். அதன் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது.

பிரேக் வேலை முடிந்து ஹட்டன் கராஜிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வரும்போது, பஸ் நிலையத்து ஓரத்தில் அவன் மனைவி சண்முகவடிவு நின்றுகொண்டிருந்தாள். காலையில் பல் பிடுங்க வந்தவள். மழை அடித்துப் பெய்தது. வாய் நிறையப் பஞ்சு, கன்னம் வீங்கி ஒரு பக்கம் தொங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆளை மறைக்கும் அந்த மழையிலும் அவள் காரைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் கையைக் காட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள். அதைக் கண்டபிறகு வீரய்யாவால் தாண்டிப் போக முடியவில்லை.

நோர்வூட் கடைத்தெரு வரும்போது, "கொஞ்சம் குனிஞ்சுக்க வடிவு" என்றான். அவள் பின்சீட்டில் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். கடைத்தெருவைத் தாண்டிய பிறகும் நிமிரவில்லை.

நோர்வூட்டைக் கடந்ததும் மழை விட்டுப் பனி மூட்டம் இறங்கியது. மேலே மலையும் தெரியவில்லை, கீழே பள்ளமும் தெரியவில்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகளின் முதல் வரிசை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. தொர கிளப்புக்குப் புறப்படுவதற்குள் கார் பங்களா வாசலில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் வடிவைத் தோட்டத்து எல்லையில் இறக்கிவிட வேண்டும். யார் கண்ணிலும் படாமல் இறக்க எந்த இடம் தோதாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரு வளைவில் காரைத் திருப்பினான்.

எதிரே மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஹார்ன் அடிக்கக் கையை எடுத்தான். அதற்குள் இரும்பு இரும்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கண்ணாடி உடைந்து ரோட்டில் கொட்டியது.

இரண்டு கார்களும் வலப்பக்க மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. எதிரே நின்றது ஒரு சின்னக் கறுப்பு மொரிஸ். வீரய்யாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது தொரையின் முகம். அடுத்தது சின்னத்தம்பியின் லயத்து வீடு, கதவு திறந்து கிடந்த வெறும் வீடு. அதற்குப் பிறகுதான் திரும்பி, "வடிவு, அடிபட்டிருச்சா?" என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

மொரிஸிலிருந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒருவர் இறங்கினார். பொகவந்தலாவை கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் மக்பூல் முதலாளி. தீபாவளிக்குத் தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் அவர் கடையில்தான் துணி எடுப்பார்கள்.

"மொதலாளி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் வீரய்யா.

"எனக்கு ஒண்டுமில்ல தம்பி. தலை கொஞ்சம் கண்ணாடியில தட்டிச்சு, அவ்வளவுதான்" என்று நெற்றியைத் தேய்த்தார். ரத்தம் இல்லை. மயிர் தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு வீக்கம் மட்டும் இருந்தது. அப்புறம் அவர் பார்வை பின்சீட்டுக்குப் போனது. வடிவு முந்தானையை எடுத்திருந்தாள். உலுக்கியதில் பஞ்சு விலகி, வாயோரத்திலிருந்து ரத்தம் ஒழுகி, சேலையில் சொட்டியிருந்தது.

மக்பூல் முதலாளியின் முகம் வெளிறிப் போனது. "யா அல்லா. தங்கச்சிக்கு வாயில ரத்தம் வருதே."

வடிவு பேச முடியாமல் கையை ஆட்டினாள். வீரய்யா, "இது மோதுனதுல இல்லீங்க. ஹட்டன்ல பல்லுப் பிடுங்கிட்டு வாறா" என்று விளக்கினான். முதலாளி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வேள. நான் பயந்தே போய்ட்டேன்."

இருவரும் சேதத்தைப் பார்த்தார்கள். இரண்டு கார்களிலும் ஒரு விளக்கு உடைந்து, மட்கார்டு உள்ளே அமுங்கியிருந்தது. சக்கரம் சுற்றியது, எஞ்சினும் ஓடியது. யார் பக்கம் பிழை என்று இருவருக்குமே தெரியவில்லை. பனியில் இருவரும் நடுரோட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

கண்டியில் லைசன் எடுக்கப் போனபோது பரீட்சை வைத்த அதிகாரி வீரய்யாவிடம் ஒரு கேள்வி கேட்டார். மோதினால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? காரை நிறுத்த வேண்டும். யாருக்காவது காயமா என்று பார்க்க வேண்டும். பெயர், விலாசம், கார் நம்பர் கொடுத்து வாங்க வேண்டும். காயம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பொலிசுக்குச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து, சபாஷ் வாங்கியவன் வீரய்யா. இப்போதும் எல்லாம் நினைவிருந்தது. ஆனால் பொலிசுக்குப் போக அவன் பயந்தான். தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவனுக்குப் பிரஜாவுரிமையும் கிடையாது. விண்ணப்பம் போட்டு, இல்லையென்று பதில் வந்துவிட்டது. அங்கே போய் நின்றால் சிங்களத்தில் கேட்பார்கள். நீ யார், எந்த ஊர், காரில் இருந்த பெண் யார் என்று கேட்பார்கள்.

அவன் வாயில் வராததை முதலாளியே சொன்னார். "பொலிசு கிலிசு எதுக்கு தம்பி? எனக்கு ஹட்டன்ல வேலை ஈக்கி. நீங்களும் போங்க, நானும் போறேன்."

வீரய்யாவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. காரில் ஏறப் போனான். அப்போது முதலாளி மறுபடி பின்சீட்டைப் பார்த்தார். அவர் முகம் மறுபடி வெளிறியது.

"யா அல்லா. தங்கச்சிக்கு வாயில ரத்தம் வருதே."

"பல்லுப் பிடுங்கினதுங்க மொதலாளி. இப்பத்தானே சொன்னேன்."

"அப்பிடியா? நல்ல வேள. நான் பயந்தே போய்ட்டேன்" என்று அதே மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். காரில் ஏறினார். மொரிஸ் பின்வாங்கி, ஒற்றை விளக்கோடு அவர்களைத் தாண்டிப் பனிக்குள் போய்விட்டது.

வீரய்யாவும் காரை எடுத்தான். தொரையிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் கோர்த்துப் பார்த்தான். கராஜ் வாசலில் நிறுத்தியிருந்தபோது லொறி உரசிவிட்டது என்று சொல்லலாமா? கராஜுக்கு ஆள் அனுப்பிக் கேட்டால்? மாடு குறுக்கே வந்தது என்றால்? எந்தப் பொய்யும் நிற்கவில்லை. அதற்குள் ஒரு கேள்வி வந்து எல்லாப் பொய்யையும் தள்ளிவிட்டு நின்றது. ஒரு ஆள் அதே வார்த்தையை, அதே முகத்தோடு, முன்னால் கேட்டதே தெரியாதவர் போல ஏன் கேட்க வேண்டும்?

அவனுடைய தகப்பனின் தம்பி மரம் சரிந்து தலையில் அடிபட்டபோது அப்படித்தான். எழுந்து உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார், மறுபடியும் தண்ணீர் கேட்டார். ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை. எல்லாரும் தப்பித்தார் என்றார்கள். சாயங்காலம் வேலை முடியும் சங்கு ஊதும்போது ஆள் இல்லை.

வீரய்யாவின் கால் தானாகப் பிரேக்கில் அழுந்தியது.

"வடிவு, அந்த மனுஷன் ரெண்டாந்தரம் கேட்டாரே, கவனிச்சியா?"

வடிவு கவனித்திருந்தாள். அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்களிலேயே அது தெரிந்தது. ஆனால் அவள் வேகமாகத் தலையை ஆட்டி, முன்னால் போகும்படி கையைக் காட்டினாள். அவன் அசையாததைப் பார்த்து, பஞ்சை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வார்த்தைகள் குழறி வந்தன.

"போயிருவோங்க. அவரே போன்னு சொல்லிட்டாரு. நீங்க திரும்பிப் போய் அவரு செத்துக் கெடந்தா, நீங்கதான் கொன்னீங்கம்பாங்க. யாரு நம்புவா? மூணு புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எந்த ரோட்டுல நிப்பேன்?"

அவள் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. அதே பயம்தான் அவனுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ சொல்றது சரிதான்" என்றான். "ஆனா அந்தாளு கார் ஓட்டிக்கிட்டுப் போறாரு, வடிவு. ஒரு பக்கம் பள்ளம்."

வடிவு பஞ்சைத் திரும்ப வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

காரைத் திருப்ப அந்த ரோட்டில் இடமில்லை. தேயிலைக் கொழுந்து லொறி இறங்கும் ஒரு மண்பாதை வரும்வரை போய், அங்கே பின்வாங்கித் திருப்பினான். பின்சக்கரம் சேற்றில் வழுக்கியபோது அடியில் பள்ளம் வாயைத் திறந்து காத்திருப்பது போலிருந்தது.

மோதிய இடத்தில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. அதைத் தாண்டி நடக்கிற வேகத்தில் ஓட்டினான். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஒன்றும் இல்லை. ஹட்டனுக்கே போய்ச் சேர்ந்திருப்பார், நாம்தான் பைத்தியக்காரத்தனமாக அலைகிறோம் என்று அவன் மூச்சு விட்ட நேரத்தில், வடிவு அவன் தோளைப் பிடித்து இறுக்கினாள்.

மொரிஸ் ரோட்டின் தப்பான பக்கத்தில், மலையோரத் தண்ணீர்க் கானில் சக்கரம் இறங்கிச் சாய்ந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை விளக்கின் வெளிச்சம் பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

"மொதலாளி" என்று கூப்பிட்டான் வீரய்யா. பனி அவன் குரலை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டான். பள்ளத்துப் பக்கம் போய் எட்டிப் பார்த்தான். வெள்ளையாகத் திரண்டு நின்ற பனியைத் தவிர ஒன்றுமில்லை. இந்தப் பள்ளத்தில் விழுந்திருந்தால் நாளைக்குத்தான் தேடி எடுக்க முடியும். எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, தொரையின் காரில் ஏன் விளக்கு உடைந்திருக்கிறது என்பதாகத்தான் இருக்கும்.

வடிவு காரை விட்டு இறங்கி மொரிஸின் எஞ்சினைக் காட்டி, நிறுத்தும்படி சைகை செய்தாள். அவன் சாவியைத் திருகினான். தொரையின் காரையும் நிறுத்தினான். எங்கோ நீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள்ளே, ரோட்டுக்குக் கீழே, யாரோ வாந்தி எடுப்பது கேட்டது.

வடிவுதான் முதலில் இறங்கினாள். கொழுந்து எடுத்துப் பழகிய கால்கள். செடிகளுக்கு நடுவே அவள் நடந்த வழியில் வீரய்யா தடுமாறிக்கொண்டு பின்னால் போனான். நாலைந்து வரிசைக்குக் கீழே மக்பூல் முதலாளி தேயிலைச் செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. சட்டை முழுக்க வாந்தி.

வீரய்யாவைப் பார்த்து, "கடையப் பூட்டிட்டியா?" என்றார். அவனைத் தன் கடை ஆள் என்று நினைத்துவிட்டார்.

"பூட்டிட்டேங்க மொதலாளி. எந்திரிங்க, போவோம்."

"விளக்க அமத்திட்டியா?"

"அமத்திட்டேங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை மேலே ஏற்றினார்கள். கனத்த உடம்பு. இரண்டு தடவை மூவரும் சேர்ந்து சரிந்தார்கள். காரில் படுக்க வைத்ததும் அவர் கண்ணை மூடினார். வடிவு பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சை வெளியே வீசிவிட்டு, "மொதலாளி, தூங்காதீங்க. ஊட்டுல எத்தனை பேரு? மூத்தது பொண்ணா ஆணா?" என்று வாய் வலியோடு கேட்டுக்கொண்டே வந்தாள். முதலில் பதில் வந்தது. நோர்வூட் தாண்டியபோது முனகல்தான் வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அதுவும் வரவில்லை.

நோர்வூட் கடைத்தெருவைத் தாண்டும்போது வடிவு குனியவில்லை என்பது வீரய்யாவுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆட்கள் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். டாக்டர் வெளியே வந்து, யார் கொண்டுவந்தது என்று கேட்டார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்ல வழியிருந்தது. ரோட்டில் கிடந்தார், தூக்கி வந்தோம் என்றால் முடிந்தது. வீரய்யா, "என் காரும் அவரு காரும் மோதிக்கிச்சுங்க" என்றான். மோதியபிறகு எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை வாந்தி எடுத்தார், என்ன பேசினார் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வேன் மக்பூல் முதலாளியை ஏற்றிக்கொண்டு போனது. பொலிசுக்கும் முதலாளியின் கடைக்கும் தொரையின் பங்களாவுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் போனது.

பொலிஸ்காரர் வந்தார். வயதானவர், குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். "மொகத வுனே?" என்றார். என்ன நடந்தது என்று கேட்கிறார். வீரய்யா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்து, மறுபடி சிங்களத்துக்குப் போனான். பொலிஸ் ராலாமி குறுக்கே பேசாமல் கேட்டார். போன பிறகு ஏன் திரும்பி வந்தாய் என்ற ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கழுத்து மாட்டிக்கொண்டது என்றே வீரய்யா நினைத்தான்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாடகைக் காரில் முதலாளியின் வீட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மைத்துனர் சரிபுதீன். "எவன்டா தொரைட டைவர்?" என்று கேட்டபடி வந்தார். பின்னால் இன்னும் மூன்று ஆண்கள். வீரய்யா சுவரோடு ஒட்டி நின்றான். ராலாமி எழுந்து நடுவே நின்றார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர்களுக்குப் பின்னால் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்த முதலாளியின் மனைவி கமறியா, நேரே வடிவிடம் போனாள். வடிவின் சேலை முன்புறம் சிவந்து கிடந்தது.

"அது அவங்கட ரத்தமா?"

"இல்லீங்கம்மா. என்னோடது. அவருக்கு ரத்தம் வரல. எம் மடியிலதான் படுத்திருந்தாரு. மூத்தது பொண்ணு, பேரு செரீபான்னு சொன்னாரு."

கமறியா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சரிபுதீன் அதைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு குரலை இறக்கி, எந்த வளைவு என்று வீரய்யாவிடம் கேட்டார்.

இருட்டும் நேரத்தில் பெரிய தொர வேறொரு காரில் வந்து இறங்கினார். காரைச் சுற்றி வந்து மட்கார்டைத் தடவிப் பார்த்தார். பிறகு வடிவைப் பார்த்தார். "யார் இது?" என்றார். "என் சம்சாரம் தொர" என்றான் வீரய்யா. அவ்வளவுதான் பேச்சு. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வீரய்யாவும் வடிவும் கடைசி பஸ்ஸில் வீடு வந்தார்கள்.

மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வீரய்யாவின் பெயரைப் புல்லுவெட்டுக்குக் கூப்பிட்டார்கள். மோதியதற்காக அல்ல, லயத்து ஆளைக் காரில் ஏற்றியதற்காக என்று கணக்கப்பிள்ளை சொன்னார். பத்துச்சீட்டு தரவில்லை. பொலிஸார் தொரையிடம், உங்கள் டிரைவர் திரும்பிப் போயிருக்காவிட்டால் இது வேறு மாதிரி வழக்காகியிருக்கும் என்று சொன்னதாகக் கேள்வி. அது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. கண்டியில் முதலாளிக்குத் தலையைத் திறந்து ரத்தக் கட்டை எடுத்தார்கள் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். கண் விழிக்கவில்லை என்றார்கள். புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது கீழே ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் வீரய்யா நிமிர்ந்து பார்த்தான். காக்கிச் சட்டை தெரிந்தால் மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. போகச் சொன்னாரே, நான் ஏன் உடனே போனேன் என்று வடிவிடம் கேட்டான். "திரும்பி வந்தீங்கல்ல" என்பாள் அவள். அது அவனுக்குப் போதவில்லை. நின்று பேசிய அந்தக் கொஞ்ச நேரமும், போய்த் திரும்பிய நேரமும் முதலாளியின் உயிரிலிருந்து கழிந்துவிட்டனவோ என்று பயந்தான்.

தை பிறந்த பிறகு ஒருநாள் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தோட்டத்து வாசலில் வாடகைக் கார் நின்றது. மக்பூல் முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். மெலிந்து, பாதி ஆளாகியிருந்தார். தொப்பிக்குக் கீழே தையல் தழும்பு தெரிந்தது.

"நீங்கதானா வீரய்யா?" என்றார். அவனை அடையாளம் தெரியவில்லை. "எனக்கு ஒண்டும் நினைவில்ல தம்பி. வீட்டுலேந்து கெளம்பினது ஞாபகம். பொறகு கண்டியில கண்ண முழிச்சதுதான். நான் உங்களுக்கு என்ன சென்னேன்?"

வீரய்யா தயங்கினான். "எனக்கு ஒண்ணுமில்ல, போகலாம்னு சொன்னீங்க. நானும் போனேங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றான்.

"இனிமே கார் ஓட்டப்படாதுன்னு டொக்டர் செல்லிட்டாரு" என்றார் அவர். "மொரிஸ் ரிப்பேராகி வந்து ஷெட்டுல ஈக்கி. வாறீங்களா?"

வீரய்யா வீட்டுக்குப் போய் வடிவிடம் கேட்டான். அவள் பேர் தோட்டத்துப் பதிவில் இருக்கும்வரை லயத்து வீடு போகாது என்று இருவரும் பேசிப் பார்த்துக்கொண்டார்கள். "போங்க" என்றாள். அடுத்த வாரம் போனான்.

முதல் சில மாதம் கடைத்தெரு ஆட்கள் அவனைக் கேலி செய்தார்கள். வெயில் அடிக்கும் நாளிலும் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிக்கிறான், வண்டி எதிரே வந்தால் ஓரத்தில் ஒதுங்கி நின்றே விடுகிறான் என்றார்கள். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போய்ச் சேர மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தைவிட அவனுக்கு அதிகம் ஆனது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மக்பூல் முதலாளி ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.